ஆறு பேர் குடும்பம், மூன்று எஸ்யூவி: எந்த ஓனர் சொல்வதை நம்புவது?

கேள்வி: நான், கணவர், அவருடைய அப்பா அம்மா, ஒன்பது வயது மகள், இரண்டு வயது மகன் என்று வீட்டில் ஆறு பேர். சின்ன காரைக் கொடுத்துவிட்டு மூன்று வரிசை எஸ்யூவி ஒன்று வாங்க நினைக்கிறோம். பட்டியலில் மூன்று நிற்கின்றன: ஒரு பெரிய டீசல், ஒரு டர்போ பெட்ரோல், ஒரு பெட்ரோல் ஹைப்ரிட். மூன்றும் ஆட்டோமேட்டிக், மூன்றும் பட்ஜெட்டுக்குள் வருகின்றன. ஓனர்களிடம் விசாரிக்க ஆரம்பித்த பிறகுதான் குழப்பமே. டீசலை ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் எப்போது பார்த்தாலும் ஏதோ விளக்கு எரிகிறது, சர்வீஸ் சென்டருக்கு அலைந்தே ஓய்ந்துவிட்டேன் என்கிறார். டர்போ பெட்ரோல் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கிறது என்கிறார் ஒருவர். 9-ஐத் தாண்டவே இல்லை என்கிறார் இன்னொருவர். ஹைப்ரிடில் எஞ்சின் அலறுகிறது என்று ஒரு புகார். எங்களுக்கு அன்றாடம் பள்ளி, அலுவலகம் என்று நெரிசலில் 12 கிலோமீட்டர் போல ஓடும். மாதம் ஓரிரு முறை ஆறு பேரும் சேர்ந்து வெளியூர் போவோம். மாமியாருக்கு மூட்டுவலி. யார் சொல்வதை நம்புவது?

பதில்: உங்களிடம் பேசியவர்களில் யாரும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. டீசலைக் கொண்டாடுகிறவர் சொல்வதும் நிஜம், அலைந்து ஓய்ந்தவர் சொல்வதும் நிஜம். இருவரும் ஒரே வண்டியை வேறு வேறு வேலைக்கு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பழைய வண்டி வாங்குகிறவர்களுக்காக அதைப் பரிசோதித்துச் சொல்வது என் தொழில். ஓனர் சொல்வதை ஒரு காதில் கேட்டுக்கொண்டே வண்டி என்ன சொல்கிறது என்று பார்ப்பதுதான் அதில் பாதி வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: “வண்டி எப்படி இருக்கிறது?” என்று கேட்காதீர்கள். “வண்டியை எப்படி ஓட்டுகிறீர்கள்?” என்று கேளுங்கள். ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர், ஒரே மூச்சிலா துண்டு துண்டாகவா, உள்ளே எத்தனை பேர், எந்த வேரியன்ட், எந்த வருடத்து வண்டி, ஓடோமீட்டரில் எவ்வளவு என்று விசாரியுங்கள். இத்தனையும் தெரிந்த பிறகு அவர் தரும் பாராட்டுக்கோ திட்டுக்கோ ஓர் அர்த்தம் கிடைக்கும்.

டீசலையே எடுத்துக்கொள்வோம். இன்றைய டீசல் எஞ்சினின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. டிபிஎஃப் என்பார்கள். அது நிரம்ப நிரம்ப, வண்டியே அந்தக் கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குப் புகையின் வெப்பம் ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வரை போகவேண்டும். நெடுஞ்சாலையில் நிதானமாக, நிற்காமல் கொஞ்ச நேரம் ஓடினால் காரியம் முடிந்துவிடும், ஓட்டுகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. பள்ளி வாசலில் நிறுத்தி, சிக்னலில் நின்று, ஆறாவது கிலோமீட்டரில் எஞ்சினை அணைத்தால் எரிப்பு பாதியில் நின்றுபோகும். மறுநாள் மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி பாதியில் நிற்கும். கடைசியில் டேஷ்போர்டில் விளக்கு எரியும்.

இதற்கு இன்னொரு பின்விளைவும் உண்டு. வடிகட்டியைச் சூடாக்குவதற்காகப் பல எஞ்சின்களில் கூடுதல் டீசலைத் தெளிப்பார்கள். எரிப்பு முடியாமலே போனால் அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். நகருக்குள்ளேயே ஓடிய டீசல் வண்டி பரிசோதனைக்கு வந்தால் நான் முதலில் உருவுவது ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைத்தான். வழக்கமாக ஆயில் குறைந்திருக்கிறதா என்று பார்ப்போம். இங்கே அது மேல் கோட்டையும் தாண்டி நிற்கும். விரலில் தொட்டால் வழவழப்பு குறைந்து நீர்த்திருக்கும், மோந்து பார்த்தால் டீசல் வாடை அடிக்கும். “ஆயில் குறைவதே இல்லை சார், அவ்வளவு நல்ல எஞ்சின்” என்று ஓனர் அதைப் பெருமையாகவே சொல்வதும் உண்டு.

ஆக, உங்களிடம் டீசலைப் புகழ்ந்தவர் தினமும் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவரா என்று விசாரித்துப் பாருங்கள். அநேகமாக ஆமாம் என்றுதான் வரும். அலைந்து ஓய்ந்தவர் உங்களைப் போலப் பள்ளி, அலுவலகம், வீடு என்று ஓட்டுகிறவராக இருப்பார். உங்கள் 12 கிலோமீட்டருக்கு அவர்தான் சாட்சி.

அடுத்தது மைலேஜ். ஓனர்களிடம் கேட்கக் கூடாத கேள்வி என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்பேன். சொல்வதென்றால் எப்படி அளந்தீர்கள் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லவேண்டும். டேஷ்போர்டில் தெரியும் எண்ணை அப்படியே சொல்கிறவர்கள்தான் அதிகம். அது பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். சரியான வழி பழைய வழிதான்: டேங்கை நிரப்புங்கள், பம்ப் தானாக நின்றதும் விடுங்கள், டிரிப் மீட்டரைச் சுழியாக்குங்கள். அடுத்த முறையும் அதேபோல நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். ஒரு டேங்க் போதாது, நாலைந்து டேங்கின் சராசரி வேண்டும். இப்படி அளந்து வைத்திருக்கும் ஓனர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். அப்படிப்பட்டவர் மற்ற விஷயங்களையும் குறித்து வைத்திருப்பார்.

16-ம் 9-ம் ஒரே வண்டியிலிருந்து வரமுடியுமா? தாராளமாக வரும். சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சினின் குணம் அது. பெடலை மெதுவாக மிதித்தால் சின்ன எஞ்சின் போலச் சிக்கனமாக இருக்கும். அழுத்தி மிதித்தால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ வேலை செய்யும், பெரிய எஞ்சின் போலக் குடிக்கும். கூடவே, எஞ்சின் சூடாகும் வரை முதல் சில கிலோமீட்டருக்குப் பெட்ரோல் அதிகமாகச் செலவாகும். உங்கள் ஓட்டத்தில் பாதி அந்தச் சூடாகாத கிலோமீட்டர்கள்தான். நெடுஞ்சாலையில் வேறு கணக்கு. வண்டியைத் தடுக்கும் காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 80-ல் போகும்போது இருக்கும் காற்றுத் தடை 120-ல் இரண்டேகால் மடங்கு. உயரமும் அகலமுமான எஸ்யூவிக்கு அது இன்னும் உறைக்கும். 16 என்றவர் நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டாத நிதானக்காரராக இருக்கலாம். நீங்கள் 9-க்குப் பக்கத்தில் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

டர்போ பெட்ரோலின் கியர்பாக்ஸைப் பற்றியும் விசாரியுங்கள். ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே இருப்பது வேறு வேறு சாதனம். இரட்டை கிளட்ச் வகை, அதிலும் ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் என்றால், நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது கிளட்ச் உரசி உரசிச் சூடாகும். திறந்த சாலையில் அதே கியர்பாக்ஸ் வெண்ணெய் போல வேலை செய்யும். கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகைக்கு நெரிசல் பெரிய விஷயமில்லை. ஆகவே, “ஆட்டோமேட்டிக் அருமை” என்று சொல்பவரிடம் எந்த ஆட்டோமேட்டிக், எந்தச் சாலை என்று கேட்டுவிடுங்கள். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது நடுங்குகிறதா, கியர்பாக்ஸ் சூடு என்று எச்சரிக்கை வந்ததுண்டா என்பதையும் கேளுங்கள்.

ஹைப்ரிடில் அலறல் என்ற புகாரும் நிஜம்தான், ஆனால் பழுதல்ல. பெரும்பாலான ஹைப்ரிட்களில் எஞ்சின் சுற்றும் வேகமும் வண்டி ஓடும் வேகமும் நேராகப் பிணைந்திருக்காது. ஏற்றத்தில் ஆட்களோடு ஏறும்போது எஞ்சின் தனக்குத் தோதான அதிக வேகத்துக்குப் போய் அங்கேயே நிற்கும். கியர் மாறி மாறி ஏறும் சத்தத்துக்குப் பழகிய காதுக்கு அது அலறலாகத்தான் கேட்கும். கேட்டுப் பார்த்துவிட்டு உங்களால் சகித்துக்கொள்ள முடியுமா என்று முடிவு செய்யுங்கள். மலைப்பாதையில் அடிக்கடி போகிறவருக்கு எரிச்சலாக இருக்கும். நெரிசலிலோ வண்டி பாதி நேரம் எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டாரில் நகரும், பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பிக்கொள்ளும். உங்கள் ஓட்டத்துக்கென்றே செய்தது போல இருக்கும். ஹைப்ரிட் ஓனரைப் பார்த்தால் ஒன்று கேளுங்கள்: பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரம் எங்கே இருக்கிறது? சில மாடல்களில் பின் சீட்டுக்கு அடியிலோ பக்கத்திலோ இருக்கும். பையோ துணியோ அதை அடைத்தால் பேட்டரி சூடேறும். இந்தக் கேள்விக்கு விழிக்கிற ஓனர் வண்டியை ரசித்திருக்கிறாரே ஒழியப் பராமரித்திருக்கிறார் என்று சொல்லமுடியாது.

எஞ்சின் பேச்சு போதும். உங்கள் வீட்டுக்கு இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை ஓனர்கள் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். ஏனென்றால் உங்களிடம் பேசியவர்கள் எல்லோரும் ஓட்டுநர் சீட்டில் உட்காருகிறவர்கள். ஆறு பேர் வண்டியில் ஐந்து பேர் ஓட்டுவதில்லை. விசாரிப்பதென்றால் அந்த வீட்டுப் பாட்டியிடமும் மூன்றாம் வரிசையில் உட்காரும் பிள்ளையிடமும் விசாரியுங்கள்.

உங்கள் மாமியாரின் மூட்டுக்கு வருவோம். எஸ்யூவி உயரமாக இருப்பதால் வயதானவர்களுக்கு வசதி என்று ஷோரூமில் சொல்வார்கள். பாதி சரி. சீட்டின் உயரம் அவர் இடுப்புக்குச் சமமாக இருந்தால் திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். சீட் அதற்கு மேலே போய்விட்டால் ஒற்றைக் காலில் எடையைப் போட்டு ஏறவேண்டும், இறங்கும்போது குதிக்கவேண்டும். மூட்டுவலிக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் (லேடர் ஃபிரேம்) மேல் உடலைப் பொருத்திய பெரிய வண்டிகளில் தரை உயரம் அதிகம். உங்கள் டீசல் அந்த ரகமா என்று பாருங்கள். அப்படியென்றால் பக்கத்தில் ஃபுட்போர்டு வேண்டும், கதவுத் தூணில் பிடித்து ஏறக் கைப்பிடியும் வேண்டும். மாமியாரையே ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் எல்லோருக்கும் முடியும். மூன்றாவது, நான்காவது முறை இறங்கும்போது முகத்தைப் பாருங்கள்.

அப்புறம், இரண்டு வயது மகன். அவனுக்குச் சைல்டு சீட் அவசியம், அது இரண்டாம் வரிசையில் வரும். பெரும்பாலான வண்டிகளில் அதை மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இரண்டாம் வரிசையின் இரு ஓரங்களில்தான் இருக்கும். மூன்றாம் வரிசைக்குப் போக அந்த ஓர சீட்டைத்தான் மடித்துக் கவிழ்க்கவேண்டும். சைல்டு சீட் மாட்டிய சீட்டைப் பல வண்டிகளில் கவிழ்க்க முடியாது. ஆக, அந்தப் பக்க வழி அடைபட்டது. அடுத்த ஓரத்தில் மாமியார் உட்கார்ந்தால் மகள் பின்னால் போகும்போதெல்லாம் அவர் இறங்கி வழிவிடவேண்டும். மூட்டுவலிக்காரரை இப்படி ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறக்கி ஏற்றுவீர்களா? உங்கள் பட்டியலில் உள்ள வண்டிகளில் ஆறு சீட் வேரியன்ட் இருந்தால் அதையே பாருங்கள். இரண்டாம் வரிசையில் தனித்தனியாக இரண்டு சீட், நடுவில் நடந்து போக இடைவெளி. யாரும் இறங்காமல் மகள் பின்னால் போய்விடுவாள். ஒரு சீட் குறைகிறதே என்று யோசிக்காதீர்கள், நீங்கள் ஆறு பேர்தான்.

ஐசோஃபிக்ஸ் கொக்கிக்கும் வரம்பு உண்டு: சைல்டு சீட்டும் பிள்ளையும் சேர்ந்து 33 கிலோ வரை. அதைத் தாண்டினால் சீட் பெல்ட்டால் கட்டவேண்டும். இப்போதைக்கு உங்களுக்குக் கவலையில்லை. ஆனால் ஷோரூமுக்குப் போகும்போது சைல்டு சீட்டைக் கையோடு எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள். கொக்கி மெத்தைக்குள் புதைந்திருக்கும் வண்டியில் மாட்டுவதற்குள் விரல் தேய்ந்துவிடும்.

மூன்றாம் வரிசையைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. முதலில் உங்கள் கணவர் முன் சீட்டைத் தனக்கு வசதியாக வைத்துக்கொள்ளட்டும். அதற்குப் பின்னால் மாமனார் காலை நீட்டி வசதியாக உட்காரட்டும். இருவரும் அசையாமல் இருக்க, மிச்சமிருக்கும் இடத்தில் நீங்கள் மூன்றாம் வரிசையில் கால்மணி நேரம் உட்காருங்கள். விற்பனையாளர் இரண்டாம் வரிசையை முன்னால் தள்ளிவிட்டுக் காட்டும் இடம் கணக்கில் சேராது. முழங்கால் மார்புக்கு ஏறுகிறதா, தலை கூரையில் இடிக்கிறதா, ஏசி வென்ட் இருக்கிறதா, ஜன்னல் வழியாக வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். கடைசி இரண்டும் இல்லாத வண்டிகளில்தான் பிள்ளைகளுக்குக் குமட்டல் வருவதாகப் பெற்றோர் புலம்புகிறார்கள். ஆறு பேரும் உட்கார்ந்த பிறகு டிக்கியைத் திறந்து, மிச்சமுள்ள இடத்தில் உங்கள் பெட்டிகள் போகுமா என்றும் பார்த்துவிடுங்கள். மூன்றாம் வரிசை நிமிர்ந்திருக்கும்போது சில வண்டிகளில் ஒரு பெட்டியை நெட்டுக்குத்தாக வைக்கத்தான் இடம் இருக்கும்.

சஸ்பென்ஷனைப் பற்றிக் கேட்டால் ஒருவர் மெத்தை என்பார், இன்னொருவர் கட்டை வண்டி என்பார். எந்த வேரியன்ட் என்று கேளுங்கள். மேல் வேரியன்டில் பெரிய சக்கரமும் ஒல்லியான டயரும் வரும். பார்க்க அழகு, குழியில் விழுந்தால் இடுப்புக்குத் தெரியும். கீழ் வேரியன்டின் சின்ன சக்கரம்தான் முதுகுக்கு நல்லது. ஆறு பேரும் பெட்டியும் ஏறும்போது டயர் காற்று எவ்வளவு இருக்கவேண்டும் என்று ஓட்டுநர் கதவுத் தூணில் அல்லது பெட்ரோல் மூடியில் ஒட்டியிருப்பார்கள். தனி ஆளாகப் போவதற்கும் முழு லோடுக்கும் வேறு வேறு அளவு. இதைப் பார்க்காமல் வண்டியைக் குறை சொல்பவர்கள் நிறைய.

பாதுகாப்பைப் பற்றி ஓனர்களிடம் கேட்காதீர்கள். கதவைச் சாத்தினால் ‘தப்’ என்று கனமாகக் கேட்கிறது, தகடு தடிமனாக இருக்கிறது, அதனால் வண்டி கெட்டி என்பார்கள். மோதும்போது காப்பாற்றுவது உள்ளே இருக்கும் கூண்டின் அமைப்பும் பெல்ட்டும் ஏர்பேக்கும்தான். வெளித்தகட்டுக்கு அதில் பெரிய பங்கில்லை. இதற்கு மோதல் சோதனை முடிவுகளைப் பாருங்கள். ஐரோப்பாவில் கார்களை மோதிச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு 1997-லிருந்து முடிவுகளை வெளியிட்டு வருகிறது, விதிகளை அவ்வப்போது கடுமையாக்கியும் வருகிறது. அதனால் பத்து வருடம் முன்பு வாங்கிய ஐந்து நட்சத்திரமும் இப்போது வாங்கிய ஐந்தும் ஒன்றல்ல. சோதித்த வேரியன்டும் உங்களுக்குக் கிடைக்கும் வேரியன்டும் ஒன்றுதானா, பக்கவாட்டுத் திரை ஏர்பேக் மூன்றாம் வரிசை வரை நீள்கிறதா, இந்த இரண்டையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். மகள் உட்காரப்போவது அங்கேதான். இரவில் ஹெட்லைட் எப்படி, தானியங்கி பிரேக் காரணமில்லாமல் பிடித்துத் தூக்கிவாரிப் போடுகிறதா என்பதை மட்டும் ஓனரிடம் கேளுங்கள், அது அவர்களுக்குத்தான் தெரியும்.

எந்த வயதுள்ள வண்டியின் ஓனரிடம் பேசுகிறீர்கள் என்பதும் முக்கியம். வாங்கி மூன்று மாதமானவர் தன் முடிவு சரிதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டிருப்பார். அவருடைய புகார்களும் பெரும்பாலும் திரை உறைந்துபோகிறது, போன் இணையவில்லை என்ற ரகமாகத்தான் இருக்கும். ஓனர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தும் ஜே.டி. பவர் நிறுவனம் முதல் 90 நாளில் வரும் பிரச்சினைகளைத் தனியாகவும், மூன்று வருடம் ஓடிய வண்டிகளின் பிரச்சினைகளைத் தனியாகவும் கணக்கெடுக்கிறது. இரண்டிலும் 100 வண்டிக்கு எத்தனை பிரச்சினை என்பதே அளவு. அந்த எண்ணிக்கையில் திரை உறைவதும் ஒரு பிரச்சினை, கியர்பாக்ஸ் போவதும் ஒரு பிரச்சினை. எண்ணை மட்டும் பார்த்து மிரளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி, சாலையில் நின்றுபோன வண்டிகளுக்கு உதவப் போகும்போது காரணத்தைப் பதிவு செய்கிறது. பல வருடங்களாக அதில் முதலிடம் எஞ்சினுக்கல்ல, சாதாரண 12 வோல்ட் பேட்டரிக்குத்தான். வழியில் நின்றுவிட்டது என்று ஓனர் சொன்னால், எதனால் என்று கேளுங்கள். பேட்டரி என்றால் வண்டி மேல் பழி போடாதீர்கள்.

நான் தேடச் சொல்வது மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருந்து, ஒருமுறையாவது டயர் மாற்றி, வாரன்டி முடிந்த பிறகும் அதே வண்டியில் போகிற ஆளை. அவரிடம் கருத்து கேட்காதீர்கள், சர்வீஸ் பில்களைக் காட்டச் சொல்லுங்கள். எந்த உதிரிப்பாகம் எத்தனையாவது கிலோமீட்டரில் மாறியது, அது வர எத்தனை நாள் ஆனது என்று பில்லில் இருக்கும். இரண்டாவது ஓனர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஷோரூமில் முன்பணம் கட்டியவருக்கு இருக்கும் பாசம் இவருக்கு இருக்காது.

புகார் அதிகமுள்ள வண்டி மோசமான வண்டி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதிகம் விற்ற வண்டிக்குப் புகாரும் அதிகம் வரும். ஒரே பாகம், ஒரே கிலோமீட்டர் வாக்கில், முன்பின் தெரியாத பலருக்கும் போயிருக்கிறதென்றால் மட்டும் நில்லுங்கள். அது வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ உள்ள கோளாறு. அதைச் சரிசெய்து தர நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்ததா, எந்த மாதத் தயாரிப்பிலிருந்து பாகத்தை மாற்றினார்கள் என்று கேளுங்கள். 17 இலக்க சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் அந்தக் குறிப்பிட்ட வண்டிக்குத் திரும்ப அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று நிறுவனமே சொல்லிவிடும்.

நான்கு சக்கர இழுவை வேண்டுமா என்று யோசிக்கிறீர்கள் என்றால், வைத்திருப்பவரிடம் போன வருடம் எத்தனை முறை அது தேவைப்பட்டது என்று மட்டும் கேளுங்கள். கிளம்ப உதவும், பிரேக் பிடிக்க உதவாது. சன்ரூஃப் தலைக்கு மேல் இடத்தைக் குறைக்கும். அதன் வடிகால் குழாய் அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். இரண்டும் இல்லாமலே உங்கள் குடும்பம் சௌக்கியமாகப் போகலாம்.

என் தீர்ப்பு: ஹைப்ரிட், ஆறு சீட் வேரியன்ட் இருந்தால் அது. இரண்டு நிபந்தனைகள். மாமியார் சிரமமில்லாமல் இறங்கவேண்டும். சைல்டு சீட்டை மாட்டிய நிலையில் மகள் பின்னால் போகமுடியவேண்டும். இந்த இரண்டில் ஒன்றில் தேறாவிட்டால் டர்போ பெட்ரோலைப் பாருங்கள், அதுவும் அதில் டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ் இருந்தால். டெஸ்ட் டிரைவுக்கு ஆறு பேரும் போங்கள், ஏற்றத்தில் ஒருமுறை நின்று கிளம்பிப் பாருங்கள். ஷோரூம்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இது அத்தனையும் அந்த 12 கிலோமீட்டரை வைத்துச் சொன்னது. கணவருக்கு வேலை மாறி, தினமும் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் போய்வரும் நிலை வந்தால் டீசல்காரர் சொன்னதைக் கேட்கலாம். ஃபுட்போர்டு மட்டும் போட்டே வாங்குங்கள்.